எலும்பைப் பார்த்துச் செய்த இயந்திரம்

அந்த எலும்பை ஒரு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் கேட்டு வாங்கினேன். பள்ளிவாசலுக்குப் பின்னால் உழ்ஹிய்யாவுக்கு அறுத்த மாட்டின் இறைச்சியைப் பங்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். மாட்டின் தொடை எலும்பு ஒன்று பாயின் ஓரத்தில் தனியாகக் கிடந்தது.

"இத நீளவாக்குல அறுத்துத் தர ஏலுமா?"

இறைச்சி வெட்டுகிறவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சூப்புக்கெண்டா குறுக்கால வெட்டணும் சேர்."

"சூப்புக்கில்ல. உள்ளுக்குப் பாக்கணும்."

அவர் சிரித்துக்கொண்டே எலும்பறுக்கும் வாளை எடுத்தார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். நான் அறுத்த பாதிகளைச் சொப்பிங் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, சோடாத்தூள் கலந்து அவித்து, கொழுப்புப் போகத் தேய்த்து, மொட்டைமாடியில் காயப் போட்டேன். மூன்றாம் நாள் என் மனைவி மேலே ஏறி வந்தாள்.

"காகமெல்லாம் கூடுது. பக்கத்து ஊட்டாக்கள் கேக்காங்க. என்னத்தச் சொல்ற நான்?"

"படிப்புக்கெண்டு சொல்லு புள்ள."

"எலும்பப் படிக்கிறது டொக்டர்மாரல்லவா?"

நான் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரவியல் படிப்பிக்கிறவன். அந்த நாட்களில் மேற்பட்டத்துக்காக ஓர் ஆய்வும் செய்துகொண்டிருந்தேன். இரும்பை வெட்டுகிற இயந்திரங்களின் உடம்பை, உயிருள்ள உடம்புகளைப் பார்த்து வடிவமைப்பது பற்றியது. கேட்க ஏதோ பெரிய காரியம்போலத் தெரியும். அடிப்படை எளிதுதான். இரும்பை வெட்டும் இயந்திரம் தான் அசையக்கூடாது. அதன் தூண் தலைமயிர் அளவு நடுங்கினாலும் வெட்டிய முகம் அலையலையாகிப் பாழாகும். அதனால் அந்தத் தூணையும் அடியையும் காலங்காலமாகப் பாரமான வார்ப்பிரும்பில் ஊற்றி வந்தார்கள். பாரமாக இருந்தால் அசையாது.

மாட்டின் கால் அப்படிப் பாரமாக இல்லை. காய்ந்த எலும்பைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நடுப்பகுதி வெறும் குழாய். தலைப்பக்கத்தில் மட்டும் மெல்லிய எலும்பு இழைகள் நெருங்கி நின்றன. தாறுமாறாக அல்ல, உடம்பின் பாரம் எந்தப் பக்கமிருந்து வந்து எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்த வழியிலேயே வளைந்து இறங்கின. பாரம் வராத இடம் வெற்றிடமாக இருந்தது. எங்கள் கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் மீனின் ஓடும் அப்படித்தான். விரலால் நசுக்கினால் மாவாகிவிடும். ஆனால் கடலுக்குள் அத்தனை தண்ணீரின் அழுத்தத்தையும் அதுதான் தாங்குகிறது. உடைத்துப் பார்த்தால் தட்டுத் தட்டாக இருக்கும். தட்டுகளுக்கு நடுவே சன்னமான நெளிசுவர்கள். இவற்றைப் பார்த்துக் குறைந்த இரும்பில் அசையாத தூண் ஒன்று செய்ய முடியும் என்று நம்பினேன். கணினியில் கணக்குப் பார்த்தபோதும் முடியும் என்றுதான் வந்தது.

அதைச் செய்து பார்க்க எனக்கு ஒரு வேர்க்ஷொப் கிடைத்தது. என் மனைவியின் காக்காவுடையது, அவளுடைய ஒரே அண்ணன்.

மச்சான் என்னைவிட ஆறு வயது மூத்தவர். சின்ன வயதிலேயே வாப்பா மவுத்தாகிப்போக, பள்ளிக்கூடத்தை விட்டு லேத் வேலைக்குப் போனவர். உம்மாவையும் தங்கச்சியையும் பார்த்துக்கொண்டு, தங்கச்சிக்கு வீடும் கட்டினார். அவர் கட்டிய அந்த வீட்டுக்குத்தான் நான் மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தேன். கல்முனைப் பக்கம் பிரதான வீதியிலிருந்து உள்ளே திரும்பினால் அவருடைய வேர்க்ஷொப். தோணி எஞ்ஜின்களின் ஷாப்ட், அரிசி மில்லின் உருளைகள், உழவு மெசினின் பற்சக்கரங்கள் எல்லாம் அங்கேதான் வரும். இயந்திர வரைபடம் வாசிக்க அவர் எங்கும் படித்ததில்லை. ஆனால் ஓடுகிற மெசினின் மேல் உள்ளங்கையை வைத்து, எந்தப் பெயாரிங் போகப் போகிறது என்று சொல்லிவிடுவார்.

அவரிடம் ஒரு பழைய மில்லிங் மெசின் இருந்தது. ஷாப்டில் சாவிக்குழி வெட்டுகிற, பற்சக்கரத்துக்குப் பல் வெட்டுகிற மெசின். நாட்டில் டொலர் இல்லாமல் இறக்குமதி நின்றுபோன வருடத்தில் அதன் தூண் வெடித்துப் பயன்படாமல் போனது. புதிதாக வாங்க வழியில்லை. மோட்டரும் வெட்டுகிற தலையும் மேசையும் நன்றாக இருந்தன.

"தூணும் அடியும் மட்டும் செஞ்சா காணும் மச்சான்," என்றேன். "வார்க்கத் தேவல்ல. தகட்டால ஒட்டலாம். உள்ளுக்கு விலா எலும்பு மாதிரிக் குடுப்பம்."

எலும்பையும் கணவாய் ஓட்டையும் அவருடைய வேலை மேசையில் வைத்துக் காட்டினேன். அவர் பாதி எலும்பை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"சுபஹானல்லாஹ். நாம ஒவ்வொரு பெருநாளும் இத நாய்க்குத்தானே போடுற."

இரண்டு மாதம் வேலை செய்தோம். நான் கல்லூரி விட்டதும் அங்கே போய்விடுவேன். சனி, ஞாயிறு முழுநாளும் அங்கேதான். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக வேறு எந்த வேலையும் செய்ததில்லை. அடித்தளம் கணவாய் ஓடு: இரண்டு தகடுகளுக்கு நடுவே நெளிசுவர்கள், இடைவெளியில் காய்ந்த மணல். தூண் எலும்பு: மெல்லிய தகட்டில் பெட்டிபோல ஒன்று, உள்ளே பாரம் இறங்கும் வழியில் ஏழு குறுக்குத் தகடுகள். ஒவ்வொரு குறுக்குத் தகட்டிலும் பாரத்தைக் குறைக்க ஒரு வாசல் வெட்டவேண்டும். என் படத்தில் அந்த வாசல்கள் முட்டை வடிவத்தில் இருந்தன.

முட்டை வடிவில் வெட்ட, இரும்பை உருக்கி அறுக்கும் காஸ் வேண்டும். அந்த மாதங்களில் காஸுக்கு வழியில்லை. மின்சாரமும் நாளுக்குச் சில மணித்தியாலம்தான். கிரைண்டரால் நேர்கோடுதான் வெட்டலாம். அதனால் மச்சான் சதுரமாக வெட்டினார். முதல் தகட்டை வெட்டி முடித்து, என் படத்தையும் தகட்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

"மூலய அரத்தால உருட்டி விடவா? உங்கட படத்துல மூல இல்லயே."

மின்சாரம் போக இன்னும் முக்கால் மணித்தியாலம்தான் இருந்தது. ஏழு தகட்டிலும் இருபத்தெட்டு மூலைகள்.

"உள்ளுக்கதானே மச்சான். ஆரு பாக்கிற? ஒட்டுங்க."

"சேர் சொன்னாச் சரிதான்," என்று சிரித்தபடி வெல்டிங் கண்ணாடியை இறக்கினார்.

மெசின் ஓடியது. மேசையில் ஒரு கிளாஸ் தண்ணீரை வைத்துவிட்டு ஷாப்ட் ஒன்றை வெட்டினோம். தண்ணீரின் முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை. பழைய தூணில் மூன்றில் ஒரு பங்கு பாரம்கூட இல்லை. மச்சான் உள்ளங்கையைத் தூணில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். "கல்லு மாதிரி நிக்கிது" என்றார். என் மாணவர்கள் வந்து வீடியோ எடுத்தார்கள். ஊர்ப் பேஸ்புக் பக்கங்களில் அது போனது. "எங்கட மண்ணின்ட மைந்தன்" என்று எழுதினார்கள். அதில் என் முகம்தான் இருந்தது. மச்சானுடைய கை மட்டும் ஒரு மூலையில் தெரிந்தது.

ஒரு வருடத்துக்கு மேல் அந்த மெசின் ஒரு குறையுமில்லாமல் ஓடியது.

பிறகு ஒரு நெல் வெட்டுக் காலம் வந்தது. சொறிக்கல்முனைப் பக்கமெல்லாம் கதிர் முற்றி நிற்க, பருவம் தப்பிய மழை வருமென்று சொன்னார்கள். வெட்டு மெசின்கள் இரவு பகலாக ஓடி ஒவ்வொன்றாகப் பழுதாகி மச்சானிடம் வந்தன. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். நான் பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வையில் நின்றேன். போன் அதிர்ந்தது. வெளியே வந்து எடுத்தேன். மச்சான்தான்.

"மச்சான், தூணுக்குள்ள ஒரு சத்தம் கேக்குது," என்றார்.

"எப்பிடிச் சத்தம்?"

"நகத்தால தகரத்தச் சுண்டுற மாதிரி. ரெண்டு மூணு நாளா இரிக்கி. இண்டைக்கிக் கூடிட்டு."

"அடியில மணல் அசையுதோ தெரியா. வேகத்தக் கொறச்சி ஓட்டுங்க. வெள்ளிக்கிழம ஜும்ஆக்குப் பொறகு வந்து பாக்கன்."

"நிப்பாட்டவா?"

அவர் அதைக் கேட்டார். நான் மறக்கவில்லை.

"எத்தின வேல இரிக்கி?"

"ஒரு ஷாப்ட்தான். வெட்டு மெசின்காரன் வாசல்ல நிக்கான். வயல்ல நெல்லு சாஞ்சி கிடக்காம்."

"அப்ப அத முடிச்சிட்டு நிப்பாட்டுங்க."

மண்டபத்துக்குள் திரும்பிப் போனேன். ஒரு மாணவன் மேலதிகத் தாள் கேட்டுக் கை உயர்த்தினான், கொடுத்தேன். அரைமணித்தியாலம் கழித்து மறுபடியும் போன் அதிர்ந்தது. புதிய இலக்கம். எடுக்கவில்லை. மூன்றாம் தடவை எடுத்தேன். வெட்டு மெசின்காரர் பேசினார். தூண் முன்பக்கமாகக் கிழிந்து, மோட்டரும் தலையும் மேசைமேல் சாய்ந்துவிட்டன. மச்சான் எண்ணெய் ஊற்றிக்கொண்டு நின்றிருக்கிறார். வலது கை ஷாப்டுக்கும் மெசின் தலைக்கும் நடுவே.

அதைத் தூக்க ஜாக்கி வைக்கவேண்டி இருந்தது என்று பின்னால் கேள்விப்பட்டேன். அவர் மயங்கவில்லையாம். ஜாக்கியை எந்த இடத்தில் வைக்கவேண்டும் என்று அவரே சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அவரை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். மச்சானின் மனைவி, என் மதினி, சுவரோரம் குந்தி, தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். பின்னேரம் அஸர் பாங்கு சொன்ன நேரத்தில் டொக்டர் வெளியே வந்து, முழங்கைக்குக் கீழே எடுக்கவேண்டி வந்தது என்றார். மதினி அழவில்லை. "எந்தக் கை?" என்று கேட்டார். அவருக்குத் தெரியும். இருந்தும் கேட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் என் மனைவி கேட்டாள்.

"காக்கா உங்களுக்குப் போன் எடுத்தாரா?"

"ஓம்."

"என்ன சொன்னாரு?"

சொன்னேன். நான் சொன்னதையும் சொன்னேன். அன்றிலிருந்து ஒரு மாதத்துக்கு மேலாகச் சாப்பாடு, பிள்ளைகளின் படிப்பு, கரண்ட் பில் என்று தேவையானதை மட்டும்தான் என்னோடு கதைத்தாள்.

மச்சான் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே நான் அந்தத் தூணை அறுத்தேன். தனியாகத்தான். வேர்க்ஷொப் கதவைச் சாத்திவிட்டு, கிரைண்டரால் பக்கத் தகட்டை வெட்டித் திறந்தேன். தரையில் ஊற்றியிருந்த எண்ணெயோடு மணலைப் போட்டு யாரோ கூட்டியிருந்தார்கள், சரியாகக் கூட்டவில்லை.

கீழிருந்து மூன்றாவது குறுக்குத் தகடு. அதன் வாசலின் வலதுபக்க மேல் மூலை. அங்கிருந்து வெடிப்பு புறப்பட்டிருந்தது.

உடைந்த முகத்தை எண்ணெய் போகத் துடைத்து வெயிலில் பிடித்தேன். இரும்பு ஒரே நாளில் உடைந்தால் முகம் முழுக்க ஒரே மாதிரி மினுங்கும். இது அப்படியில்லை. மூலையிலிருந்து வளைவு வளைவாகக் கோடுகள், அலை வாங்கும்போது ஈர மணலில் விட்டுப்போகிற கோடுகளைப்போல. மூலைக்குக் கிட்ட உள்ளவை கறுத்துத் துருப்பிடித்திருந்தன. தள்ளிப் போகப்போக நிறம் வெளுத்தது. கடைசியில் ஒரு விரலகலம் மட்டும் வெள்ளியாக மினுங்கியது. அந்த விரலகலம்தான் செவ்வாய்க்கிழமை உடைந்தது. மற்றதெல்லாம் மாதக்கணக்காக உள்ளுக்குள் ஊர்ந்திருக்கிறது. தண்ணீர் கிளாஸை வைத்துப் பார்த்த நாட்களிலேயே அது தொடங்கியிருக்கவேண்டும்.

கூர்மையான மூலையில் பாரம் குவியும், அங்கேதான் வெடிப்புப் பிறக்கும். ஒவ்வொரு வருடமும் முதலாம் தவணையில் நான் படிப்பிக்கிற பாடம் இது. கரும்பலகையில் சதுரம் கீறி, மூலையில் சிவப்புச் சோக்கால் புள்ளி வைப்பேன். எலும்பில் எங்கேயும் மூலை இல்லை. அதைப் பார்த்துத்தான் முட்டை வடிவம் கீறினேன். இன்னொன்றையும் நான் யோசிக்கவே இல்லை. எலும்புக்குள்ளும் சின்னச் சின்ன வெடிப்புகள் விழுந்துகொண்டுதான் இருக்கும். மாடு நடக்க நடக்க விழும். அது படுத்துத் தூங்கும்போது உடம்பு அவற்றை ஒட்டிவிடும். நான் எலும்பின் உருவத்தை எடுத்தேன். ஒட்டுவதற்கு இரும்பில் யாருமில்லை. அதற்கு ஒரு மனிதன் கை வைத்துப் பார்த்து, சத்தம் கேட்டு, நிறுத்தவேண்டும். மச்சான் கை வைத்துப் பார்த்தார். சத்தமும் கேட்டார். நிறுத்தவா என்று என்னிடம் கேட்டார்.

அந்த மூலையைச் சுற்றி உள்ளங்கை அளவு தகட்டை வெட்டியெடுத்தேன்.

எனக்கு அதை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. பள்ளிவாசலில் சந்தித்தவர்களெல்லாம் "கத்ர் சேர், அல்லாஹ் எழுதின விதி, நாம என்ன செய்ய ஏலும்" என்றார்கள். மச்சான் விளங்காமல் ஓட்டியிருப்பார் என்றும் சிலர் சொன்னார்கள். படிச்ச மனிசன் நல்லாத்தான் செஞ்சு குடுத்த, இவருக்குப் பாவிக்கத் தெரியல்ல என்று. அந்தக் கதையை நான் அறுக்கவேண்டும் என்று நினைத்தேன். அவரிடமே போய் உண்மையைச் சொல்லவேண்டும். அதுதான் நேர்மை என்று அப்போது எண்ணினேன்.

அவர் வீடு திரும்பி மூன்று வாரம் இருக்கும். ஒரு ஞாயிறு காலை போனேன். முன் ஹோலில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். சேட்டின் வலது கையை மடித்து ஊசி குத்தியிருந்தது. மெலிந்துபோயிருந்தார். மதினி வட்டிலில் சோறும் கரண்டியும் கொண்டு வந்து, என்னைக் கண்டதும் திரும்பிப் போய்விட்டார். இடது கையால் சாப்பிடுவதை யாரும் பார்ப்பது மச்சானுக்கு ஏலாது என்று பின்னால்தான் அறிந்தேன். மார்க்கத்தில் தடையில்லை என்று மௌலவி வந்து சொல்லியும், வெளியாள் இருக்கும்போது பசியோடே இருப்பாராம்.

துணியை விரித்து அந்தத் தகட்டுத் துண்டை அவருக்கு முன்னால் வைத்தேன். மூலையைக் காட்டினேன். கோடுகளைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். என் பிழை என்றேன்.

அவர் துண்டை இடது கையால் எடுத்தார். திருப்பினார். பெருவிரலால் கறுத்த கோடுகளை மெல்லத் தடவினார். வேலைக்காரரின் பார்வைதான். எனக்கு அழுகை வந்தது.

"இத ஏன் இஞ்ச கொண்டு வந்த?" என்றார்.

அன்றைக்குத்தான் அவர் என்னை முதல் தடவையாக ஒருமையில் கதைத்தார். பன்னிரண்டு வருடமாகத் தங்கச்சியின் மாப்பிள்ளை என்று 'நீங்க' போட்டுத்தான் கதைத்திருந்தார்.

"உங்களுக்கு உண்ம தெரியணும் எண்டு…"

"மூலய உருட்டவா எண்டு நான் கேட்டன். நீ வேணா எண்டாய். எனக்கு மறந்து போச்செண்டா நினச்ச?"

அவர் துண்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரில கிடந்த நேரம் அத நினைக்காம இரிக்கத்தான் பாத்தன். அல்லாஹ் எழுதினது நடந்திச்சி. அத மட்டும் புடிச்சிட்டு எழும்பி இரிந்தன். என்ட பொஞ்சாதி புள்ளைகளுக்கும் அதத்தான் சொன்னன். இப்ப நீ வந்து, ஒரு அரத்த எடுத்து அஞ்சு நிமிசம் தேச்சிருந்தா உன்ட கை இரிந்திரிக்கும் எண்டு காட்றாய். நான் இத எங்க வெச்சிட்டுத் தூங்கிற?"

"என்ன மன்னிச்சிருங்க மச்சான்."

"அதுக்குத்தான் வந்த. எனக்குச் சொல்ல வரல்ல. உனக்குப் பாரம். எறக்கி வெக்க வந்த."

துண்டை என் பக்கமாக நீட்டினார். மதினி உள்ளிருந்து வந்து அதை வாங்கித் துணியில் சுற்றி என் கையில் தந்தார். "தம்பி, நீங்க போயிட்டு வாங்க," என்றார். குரல் கடினமாக இருக்கவில்லை. கதவு வரைக்கும் வந்து நின்றார். நான் மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் செய்ததும் கதவு மூடியது.

மச்சான் சொன்னது சரி. அன்று வீட்டுக்கு வரும்போது என் நெஞ்சு இலேசாகத்தான் இருந்தது. அந்த இலேசை எண்ணித்தான் இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. தானே கல்லடுக்கிக் கட்டிய வீடு. அவருடைய உம்மா எங்களோடுதான் இருந்தார். மகனைப் பார்க்க அவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்புவோம். வேர்க்ஷொப்பை ஒருவர் எடுத்து மோட்டார் சைக்கிள் கழுவுகிற இடமாக்கினார். மச்சான் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். நட்டையும் போல்ட்டையும் இடது கை விரல்களால் உருட்டிப் பார்த்தே அளவு சொல்லிவிடுகிறார் என்று என் மாணவன் ஒருவன் வந்து வியப்பாகச் சொன்னான். அவன் யாரைப் பற்றிச் சொல்கிறான் என்று அவனுக்குத் தெரியாது.

என் ஆய்வை எழுதி முடித்தேன். கடைசி அத்தியாயத்தில் வெடிப்பைப் பற்றி எழுதினேன், படங்களோடு. யாருக்கு என்ன நடந்தது என்று எழுதவில்லை. "இயக்கியவருக்குக் காயம்" என்று ஒரு வரி. பரீட்சித்தவர்கள் அந்த அத்தியாயத்தைத்தான் பாராட்டினார்கள். அதனால்தான் இந்த ஆய்வுக்கு மதிப்பு என்றார்கள். பட்டம் கிடைத்தது. சுவரில் மாட்டவா என்று மனைவி கேட்கவில்லை. நானும் மாட்டவில்லை. சான்றிதழ் அலுமாரிக்குள் வீட்டு உறுதிப் பத்திரத்தோடு கிடக்கிறது.

ஒருநாள் கணினியில் எதையோ தேடும்போது அந்தப் பழைய வீடியோ வந்தது. மாணவர்களிடம் சொல்லி அழிப்பித்திருந்தாலும் வேறு யாரோ போட்டிருந்தார்கள். தண்ணீர் கிளாஸ் அசையாமல் நிற்கிறது. நான் எலும்பைப் பற்றி விளக்குகிறேன். எனக்குப் பின்னால் வலது உள்ளங்கை ஒன்று தூணின்மேல் இருக்கிறது. முடியும்வரை பார்த்தேன்.

போன வருடம் உம்மா மவுத்தானார். ஜனாஸா எங்கள் வீட்டிலிருந்துதான் போகவேண்டும். மச்சான் வந்தார். இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தப் படியேறினார். உம்மாவைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கியபோது அவர் இடது தோளைக் கொடுத்தார். அவருக்குப் பின்னால் நான். அப்படியே, அடக்கம் செய்கிற மையவாடிவரை நடந்தோம். கப்ருக்குள் மண் போடும்போது எல்லாரும் இரு கையாலும் மூன்று பிடி அள்ளினார்கள். அவர் ஒரு கையால் ஆறு தடவை குனிந்தார்.

மூன்றாம் நாள், வந்தவர்களெல்லாம் போன பிறகு, அவர் முன் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்ததைக் கண்டேன். கதவு தொங்கி நிலத்தில் உரசுவது எனக்கும் தெரியும். மழைக்காலத்திலிருந்து அப்படித்தான். பார்க்காமல் விட்டிருந்தேன்.

"ஸ்க்ரூட்ரைவர் இரிக்கா?"

கொண்டுவந்து கொடுத்தேன்.

"தூக்கிப் புடி."

கதவை அடியில் பிடித்துத் தூக்கினேன். கனமான முதிரைக் கதவு. அவர் கீல் ஆணிகளை இடது கையால் முடுக்கத் தொடங்கினார். ஸ்க்ரூட்ரைவர் வழுக்கியது. திரும்பவும் வைத்தார். திரும்பவும் வழுக்கி, மரத்தில் ஒரு கீறல் விழுந்தது. வலது முழங்கையைக் கதவு நிலையில் முட்டுக்கொடுத்து, உடம்பைச் சாய்த்து அழுத்தினார். நெற்றியில் வேர்வை வழிந்து கண்ணுக்குள் போனது. துடைக்கக் கை இல்லை, தோளில் தேய்த்துக்கொண்டார். நான் முடுக்கட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. என் மனைவி குசினி வாசலில் நின்று பார்த்தாள்.

ஆறு ஆணிகளுக்கு அரைமணித்தியாலத்துக்கு மேல் ஆனது. என் கைகள் விறைத்துப்போயின.

"உடு," என்றார்.

விட்டேன். கதவை ஒருமுறை சாத்தித் திறந்து பார்த்தார். உரசவில்லை.

"தேத்தண்ணி ஊத்திட்டன் காக்கா," என்றாள் என் மனைவி.

"வேணா. கட தொறக்கணும்."

ஸ்க்ரூட்ரைவரை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, கேட்டைத் திறந்து அவர் போனார்.